தளபதி லல்லி எந்தக் குற்றத்துக்காகத் தலை இழந்தார்?

கெடிலக்கரை

எனக்குச் சொந்த ஊர் கடலூர். சின்ன வயதில் தேவனாம்பட்டினத்தில் நாங்கள் ஓடி விளையாடிய மேடும் பள்ளமும் ஒரு கோட்டை இருந்த இடம் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. செயின்ட் டேவிட் கோட்டை. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது ஆங்கிலேயர் தலைமையிடமாக வைத்துக்கொண்ட கோட்டை அது. 1758 ஜூன் 2 அன்று அதைப் பிடித்து, பிறகு வெடிவைத்துத் தகர்த்தவர் பிரெஞ்சுத் தளபதி லல்லி. எட்டு வருடம் கூட ஆகவில்லை, அவருடைய சொந்த நாடே பாரிசில் நடுத்தெருவில் வைத்து அவர் தலையை வெட்டியது.

முழுப்பெயர் தோமா ஆர்தர் லல்லி. பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'தொலாந்தால்' அயர்லாந்தில் அவர்கள் குடும்பத்து மண். அப்பா ஐரிஷ்காரர், 1691இல் லிமெரிக் விழுந்ததும் தோற்ற மன்னரின் பக்கம் நின்ற ஆயிரக்கணக்கான வீரர்களோடு பிரான்சுக்குப் போய்ப் படையில் சேர்ந்தவர். மகன் 1702இல் பிரான்சின் தெற்கே ரோமான் என்ற ஊரில் பிறந்தார். விளையாடுகிற வயதிலேயே அப்பாவின் படைப்பிரிவில் பெயர் எழுதிவிட்டார்கள். அதாவது, வீட்டில் கேட்டு வளர்ந்ததே ஆங்கிலேயர்மேல் இருந்த தீராத பகை.

பல மாதமாக இந்த மனிதரைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாரிசில் அவர்மேல் போட்ட வழக்கு அநியாயம். ஆனால் இந்த மண்ணில் அவர் செய்தவற்றுக்கு ஒரு வழக்காவது போட்டிருக்க வேண்டும், யாரும் போடவில்லை. இதை ஒத்துக்கொள்பவர்களும் மறுப்பவர்களும் வாருங்கள், பேசுவோம்.

பீரங்கிப்பித்தன்

வணக்கம் ஐயா. நல்ல இழை. நான் கொஞ்சம் லல்லி பக்கம் நின்று பேசுகிறேன்.

ஐரோப்பாவில் இவர் சாதாரண ஆள் இல்லை. 1733இல் கேல் முற்றுகை, அடுத்த வருடம் பிலிப்ஸ்பர்க், 1743இல் டெட்டிங்கன் என்று வரிசையாகக் களம் கண்டவர். 1744இல் அவர் பெயரிலேயே ஒரு ஐரிஷ் படைப்பிரிவு உருவானது. 1745 மே 11, ஃபோந்தெனுவா. ஆங்கிலக் காலாட்படை ஒரே திரளாகப் பிரெஞ்சு வரிசையின் நடுவில் புகுந்துவிட்டது. பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி அங்கேயே நிற்கிறார், தோல்வி கண்ணுக்குத் தெரிகிறது. அந்த நேரத்தில் பக்கவாட்டில் பாய்ந்த படைகளில் ஐரிஷ் படையும் ஒன்று, அதில் லல்லி முன்னணியில். போர் முடிந்த களத்திலேயே மன்னர் அவருக்குப் பிரிகேடியர் பதவி கொடுத்தார். அடுத்த சில மாதத்தில் ஸ்காட்லாந்துக்குப் போய், பிரிட்டன் அரியணையைத் தன் குடும்பத்துக்கு மீட்கப் போராடிய இளவரசர் சார்லஸ் எட்வர்டோடு ஃபால்கர்க் போரில் நின்றார். 1747இல் பெர்கன் ஓப் சூம் முற்றுகை, 1748இல் மாஸ்ட்ரிக்ட்.

இந்தப் பட்டியலைச் சும்மா போடவில்லை. இதில் முற்றுகைகள் எத்தனை என்று பாருங்கள். ஐரோப்பிய முற்றுகை என்றால் அது ஒரு கணக்கு. பின்னால் ஆயுதக் கிடங்கு இருக்கும், வண்டி போகப் பாதை இருக்கும், மாட்டுக்கும் மாவுக்கும் ஒப்பந்தக்காரர் இருப்பார். பதுங்குகுழியை இத்தனை நாளில் இவ்வளவு தூரம் தோண்டினால், இத்தனையாவது நாள் மதிலில் உடைப்பு விழும். அந்தக் கணக்கைக் கரைத்துக் குடித்த ஒருவரை, மாடும் இல்லாத, காசும் இல்லாத, வரைபடம்கூடச் சரியாக இல்லாத இடத்துக்கு அனுப்பினார்கள். தப்பு அனுப்பியவர்களுடையது.

புது_மாணவன்

அண்ணா, வரலாறு முதுகலை படிக்கிறேன். எங்கள் பாடத்தில் லல்லிக்கு ஒரே ஒரு பத்திதான். 'வந்தவாசிப் போரில் தோற்றார்' என்பதோடு சரி. காசு இல்லை என்கிறீர்களே, புதுச்சேரி பெரிய வியாபார ஊர் ஆயிற்றே? அப்புறம், கப்பற்படை ஏன் கைகொடுக்கவில்லை?

முத்தியால்பேட்டை

தம்பி, நான் புதுச்சேரிக்காரன், இப்போது பாரிஸ் பக்கம் இருக்கிறேன். இரண்டு கேள்விக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

1756இல் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் தொடங்கியதும் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினி இயக்குநர்கள் லல்லியைத்தான் வேண்டும் என்று கேட்டார்கள். அமைச்சர் தார்ஜென்சோன் தடுத்துப் பார்த்தார். "நெருப்பு மாதிரி மனிதர். ஒழுங்கு தவறினால் பொறுக்க மாட்டார், மனதில் பட்டதை அப்படியே வெளியில் காட்டுவார், உங்கள் ஊழியர்களால் அவரோடு ஒத்துப்போக முடியாது" என்ற பொருளில் எச்சரித்தார். அவர்கள் கேட்கவில்லை. தருவதாகச் சொன்ன படையிலும் கப்பலிலும் பணத்திலும் கடைசி நேரத்தில் வெட்டு விழுந்தது.

1757 மே 2 அன்று பிரெஸ்ட் துறைமுகத்தை விட்டவர் புதுச்சேரியில் இறங்கியது 1758 ஏப்ரல் 28. கிட்டத்தட்ட ஒரு வருடம்! கப்பற்படைத் தலைவர் தாஷே வழியெல்லாம் அவ்வளவு தயங்கித் தயங்கி வந்தார். வந்து சேர்ந்த அன்று மரியாதைக்கு முழங்கிய கோட்டைப் பீரங்கிகளில் சிலவற்றில் நிஜக் குண்டு இருந்துவிட்டது. அவை லல்லி வந்த கப்பலையே துளைத்தன. கப்பல்காரர்கள் இதைக் கெட்ட சகுனம் என்று பேசிக்கொண்டார்களாம்.

சகுனத்தை விடுங்கள். அன்று மாலையே லல்லி கடலூரை நோக்கிப் படையைக் கிளப்பிவிட்டார். வழி தெரிந்தவர் இல்லை, சோறு கட்டிக்கொடுக்க ஆள் இல்லை, வண்டி இல்லை. ஆளுநர் லெறி ஒன்றுமே தயார் செய்திருக்கவில்லை. படை ராத்திரியில் வழி தவறி, பசியோடு கடலூர் போய்ச் சேர்ந்தது.

புதுச்சேரி பணக்கார ஊர்தான், ஆனால் பணம் இருந்தது தனியார் பெட்டியில். முந்தைய ஆளுநர் துய்ப்ளெக்ஸ் காலத்துப் போர்களில் கும்பினி கஜானா வற்றிவிட்டது. கும்பினி ஊழியர்கள் சிலரோ குத்தகையிலும் கடனிலும் தனியாகச் சம்பாதித்துக் கொழுத்திருந்தார்கள். அந்த ஊழலைத் துடைக்கவும் லல்லிக்கு உத்தரவு இருந்தது. வந்த முதல் வாரத்திலேயே எல்லாரையும் திருடர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லத் தொடங்கினார். பலர் விஷயத்தில் அது உண்மையும்கூட. ஆனால் மாடும் வண்டியும் அரிசியும் அந்தத் திருடர்கள் கையில்தானே இருந்தன?

கெடிலக்கரை

முத்தியால்பேட்டை ஐயா சரியாகச் சொன்னார். நான் சொல்ல வந்ததும் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

வண்டி இல்லை என்றதும் லல்லி என்ன செய்தார்? புதுச்சேரியில் இருந்த தமிழ் மக்களைப் பிடித்துப் பீரங்கி இழுக்கவும் மூட்டை சுமக்கவும் வைத்தார். சாதி பார்க்காமல் பிடித்தார் என்று சில புத்தகங்கள் ஏதோ சமத்துவம்போல எழுதுகின்றன. இழுத்துக்கொண்டு போனது அடிமை வேலைக்கு, இதில் எங்கே சமத்துவம்? கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தவரும் கடையில் தராசு பிடித்தவரும் நெசவுக்காரரும் ஒரே கயிற்றில் கட்டின மாதிரி மே மாத வெயிலில் கடலூர் மணலில் பீரங்கி இழுத்தார்கள். கெடிலத்து முகத்துவார மணல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெறும் காலால் நடந்தாலே கொப்புளம் போடும். அதில் முற்றுகைப் பீரங்கியின் சக்கரம் எவ்வளவு புதையும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதன் விளைவு என்ன? அடுத்த முறை படை கிளம்பும்போது ஊரில் ஆளே இல்லை. கூலிக்கு வரக்கூடியவர்கள், மாடு வைத்திருந்தவர்கள், தானியம் விற்கக்கூடியவர்கள் எல்லாரும் விலகிப் போய்விட்டார்கள். பீரங்கிப்பித்தன் தம்பி சொல்கிற 'மாடு இல்லை, வண்டி இல்லை' பாதி அவரே வரவழைத்துக்கொண்டது.

நாகை_மலர்

நான் கீழ்வேளூர்ப் பக்கம். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இனி பேசாமல் இருக்க முடியவில்லை.

செயின்ட் டேவிட் கோட்டை விழுந்ததும் லல்லி நேராகச் சென்னைக்குப் போக நினைத்தார். தாஷே கப்பலோடு வர மறுத்தார், கஜானாவில் காசும் இல்லை. அப்போது புதுச்சேரி ஏசு சபைத் தலைவர் பாதிரியார் லாவோர் ஒரு வழி சொன்னார். 1749இல் தஞ்சை மன்னர் பிரதாபசிம்மரிடம், பிரெஞ்சுக்காரர் ஆதரித்த சந்தா சாகிபு எழுதி வாங்கிய 56 லட்சம் ரூபாய்ப் பத்திரம் பிரெஞ்சுக்காரரிடம் கிடக்கிறது, அதைக் காட்டிப் பணம் கேட்கலாம் என்று. படை தஞ்சைக்குத் திரும்பியது இப்படித்தான்.

வழியில் நாகூர். வணிகர்கள் நல்ல சரக்கையெல்லாம் முன்னாலேயே அப்புறப்படுத்திவிட்டார்கள். மிச்சமிருந்ததைக் கொள்ளையடிக்கும் உரிமையைத் தன் குதிரைப்படை அதிகாரி ஒருவருக்கே விலை பேசி விட்டார் லல்லி. அதற்கடுத்து எங்கள் கீழ்வேளூர்.

கேடிலியப்பர் கோயில் உயரமான மாடக்கோயில். அஞ்சுவட்டத்தம்மன் சன்னதிக்கு இன்றும் கூட்டம் வரும். புதையல் இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி வீடுகளைத் தோண்டினார்கள், குளத்தைத் துழாவினார்கள், சாமி சிலைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிலைகள் பொன் இல்லை, பித்தளை. புதையலும் இல்லை. அதன்பிறகு கோயிலைச் சுற்றியே வந்துகொண்டிருந்த பிராமணர் ஆறு பேரை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். இதை எழுதி வைத்தது ஆங்கிலேயப் பக்கத்து வரலாற்றாசிரியர் ஓர்ம். எதிரி எழுதியது என்று தள்ளலாம் என்பவர்களுக்குச் சொல்கிறேன், பிரெஞ்சுக்காரரைப் புகழ வேண்டிய இடத்தில் புகழ்ந்து எழுதியவரும் அவர்தான்.

சாமி போன கோயிலில் குருக்கள் எங்கே போவார்? கோயிலைச் சுற்றி வந்ததுதான் அவர்கள் செய்த வேலை. அவர்கள் வேறு எங்கும் போக முடியாதவர்கள்.

பீரங்கிப்பித்தன்

மலர் அக்கா, இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. கோபத்தில் தப்பாக ஏதும் சொல்லிவிடக் கூடாது என்றுதான் ஒரு நாள் கழித்து எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் பக்கத்தில் வைக்கிறேன். அந்தக் காலத்துப் படைகள் எல்லாமே இப்படித்தான் நடந்தன. மராட்டியக் குதிரைப்படை கடந்து போன ஊரும், நவாபின் படை வரி தண்டிய ஊரும் எப்படி இருந்தன? 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்ததும் கோட்டையையும் வெள்ளையர் நகரையும் கல்லுக்குக் கல் இடித்தார்கள். லல்லியைத் தனி அரக்கனாக நிறுத்தினால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

தஞ்சை முற்றுகையும் அவர் நினைத்தபடி போகவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் மதிலைத் தட்ட ஆரம்பித்தார், உடைப்பும் விழுந்தது, ஆனால் மருந்தும் குண்டும் தீர்ந்துகொண்டே வந்தன. ஆகஸ்ட் 3 அன்று கடலில் தாஷே அடிவாங்கினார், காரைக்காலுக்கு ஆபத்து என்று செய்தி வந்தது. முற்றுகையை விலக்க முடிவாகிவிட்டது. ஆகஸ்ட் 10 விடியற்காலை. லல்லி ஒரு சத்திரத்தில் தங்கியிருக்கிறார். வேலைக்குச் சேர வந்திருக்கிறோம் என்று சொல்லி ஐம்பது குதிரை வீரர்கள் முகாமுக்குள் வருகிறார்கள். தூக்கக் கலக்கத்தில் வெளியே வந்த லல்லிமீது அவர்கள் தலைவன் வாளை ஓங்குகிறான். கையில் இருந்தது வெறும் தடி. அதைக்கொண்டே தடுத்துக்கொண்டு விழுந்தார், காவலர்கள் ஓடிவந்து காப்பாற்றினார்கள். அதே நேரம் கோட்டையிலிருந்து தஞ்சைத் தளபதி மானோஜியின் படை பாய்ந்தது. பெரிய பீரங்கிகளை உபயோகமில்லாமல் ஆக்கிவிட்டுப் பசியோடு காரைக்கால் வரை நடந்து திரும்பினார்கள்.

நாகை_மலர்

தம்பி, அவரை அரக்கன் என்று நான் சொல்லவில்லை. எல்லாரும் செய்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் நீங்கள் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. அந்தப் படை பசியோடு நடந்து போனது எந்த வழியாக? தாங்கள் வரும்போது சூறையாடிய அதே ஊர்கள் வழியாக. கீழ்வேளூரிலும் திருவாரூரிலும் யார் அவர்களுக்கு ஒரு படி அரிசி விற்பார்கள்?

ஜார்ஜ்டவுன்

சென்னை முற்றுகையை யாரும் தொடவில்லையே, நான் சொல்கிறேன். நான் கடை வைத்திருப்பது லல்லியின் படை தங்கிய பகுதியில்தான்.

1758 டிசம்பர் 14 அன்று அவர் படை கருப்பர் நகரத்துக்குள் புகுந்தது, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுன். மாதக்கணக்கில் சம்பளம் காணாத சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள், சாராயக் கிடங்குகளும் கையில் கிடைத்தன. பாதிப் படை போதையில் கிடந்தபோது கோட்டையிலிருந்து ஆங்கில அதிகாரி டிரேப்பர் படையோடு வெளியே வந்து தாக்கினார். அந்தக் கைகலப்பில் பிரெஞ்சுப் பிரபு தெஸ்தேன் பிடிபட்டார். பின்னாளில் அமெரிக்க விடுதலைப் போருக்குக் கப்பற்படையோடு போனவர் இவரேதான்.

முற்றுகை இரண்டு மாதம் நீண்டது. கோட்டைக்குள் ஆளுநர் பிகாட், தளபதி லாரன்ஸ். வெளியே லல்லியின் முதுகில் ஓயாமல் கொத்திக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? யூசுப் கான், நம் மருதநாயகம். செங்கல்பட்டுப் பக்கமும் காஞ்சிபுரம் சாலையிலும் பிரெஞ்சுக்காரருக்கு வரும் தானிய வண்டிகளை மறித்தார். 1759 பிப்ரவரி 9 அன்று பரங்கிமலையில் நாள் முழுக்கச் சண்டை நடந்தது. பிப்ரவரி 16 அன்று ஆங்கிலக் கப்பல்கள் ஆறு கடலில் தெரிந்தன. மறுநாள் லல்லி பீரங்கிகளைப் போட்டுவிட்டு, காயம்பட்டவர்களை எதிரியின் கருணைக்கு விட்டுக் கிளம்பினார்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் ஆளுநர் லெறிக்கு அவர் எழுதிய கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. இந்தப் பாவ நகரத்தில் இருப்பதைவிட மடகாஸ்கரில் போய்ப் படை நடத்தலாம், வானத்து நெருப்பு உங்களை எரிக்காவிட்டாலும் ஆங்கிலேயரின் நெருப்பு கட்டாயம் எரிக்கும் என்ற பொருளில் கொட்டியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு அந்த மனிதர்மேல் இரக்கமே வந்தது. உதவி கேட்டு அனுப்பிய ஆளுக்கெல்லாம் வெறும் கை காட்டிய ஊருக்கு எழுதுகிறார்.

முத்தியால்பேட்டை

பிரெஞ்சு அதிகாரி புஸ்ஸியின் பேச்சையும் சேர்க்க வேண்டும். 1751 முதல் ஐதராபாத்தில் நிஜாம் சலாபத் ஜங்கின் அரசவையில் பிரெஞ்சுச் செல்வாக்கைக் கட்டிக்காத்தவர். தெலுங்கு மாவட்டங்களின் வருவாய் முழுக்க அவர் வழியாக வந்தது. அவரைத் திரும்ப வரச்சொல்லி லல்லி கட்டளை போட்டார். புஸ்ஸி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், "நான் அங்கிருந்து கிளம்பினால் எல்லாம் போய்விடும்" என்று. லல்லிக்கு அதெல்லாம் தனியார் கொள்ளை என்று பட்டது. அரசர்களோடு பேசி, விருந்து உண்டு, வாக்குக் கொடுத்து வாங்கும் அந்த வேலையை அவர் மதிக்கவே இல்லை. புஸ்ஸி கிளம்பிய சில மாதத்தில் ஆங்கிலத் தளபதி ஃபோர்டு வங்காளத்திலிருந்து வந்தார். 1758 டிசம்பரில் கோண்டூர்ப் போர், 1759 ஏப்ரலில் மசூலிப்பட்டினம். அந்தப் பக்கத்து வருவாய் ஒரேயடியாக ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது.

இங்கே லல்லியின் சொந்த அதிகாரிகளே, தெஸ்தேன் உட்பட ஆறு பேர், புஸ்ஸியைத் தங்களுக்கு மேலாக வையுங்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். பிரபுக்கள் தாங்களாகவே தங்கள் இடத்தை ஒரு கும்பினி அதிகாரிக்கு விட்டுக்கொடுப்பது அந்தக் காலத்தில் நடக்காத காரியம். லல்லியோ புஸ்ஸி எல்லாருக்கும் பணம் கொடுத்து வாங்கிவிட்டார் என்று நினைத்தார்.

வந்தவாசியான்

எங்கள் ஊருக்கு வந்துவிட்டீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். கோட்டை மதிலில் மிச்சம் இருப்பதை இன்றும் பார்க்கலாம். கோட்டை அகழியைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போவேன்.

போருக்கு மூன்று மாதம் முன்பே, 1759 அக்டோபரில், பிரெஞ்சுப் படை கலகம் செய்தது. பத்து மாதச் சம்பளப் பாக்கி. சிப்பாய்கள் தங்களுக்குத் தாங்களே தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு தனியே போய் உட்கார்ந்துவிட்டார்கள். லல்லி தன் கைக்காசையும் போட்டு, கவுன்சில்காரர்களிடமும் வாங்கி, பாக்கியில் ஒரு பகுதியைக் கொடுத்து மன்னிப்பும் எழுதிக் கொடுத்துத் திரும்ப அழைத்தார். நவம்பர் கடைசியில் ஆங்கிலத் தளபதி கூட் வந்தவாசியைப் பிடித்தார். ஜனவரியில் லல்லி அதை மீட்க வந்து முற்றுகை போட்டார், கூட் திரும்பி வந்தார்.

1760 ஜனவரி 22. இரண்டு பக்கமும் வெள்ளைச் சிப்பாய்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர்தான். பிரெஞ்சுக்காரர் கூலிக்கு அமர்த்திய மராட்டியக் குதிரைப்படை மூவாயிரம் தூரத்தில் நின்றபடி நின்றது, களத்தில் இறங்கவே இல்லை. தொடக்கத்தில் லல்லி தன் குதிரைப்படையைப் பாயச் சொன்னார். அதிகாரி மறுத்தார். அவரைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டு லல்லி தானே முன்னால் ஓட்டினார். கொஞ்ச தூரம் வந்தவர்கள் ஆங்கிலப் பீரங்கி ஒலித்ததும் திரும்பிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதுக் கிழவர், சேனாதிபதி, நடுக்களத்தில் குதிரைமேல் தனியாக நிற்கிறார்.

அப்புறம் காலாட்படையிடம் வந்தார். லொரேன் படைப்பிரிவு நானூறு பேர், பன்னிரண்டு பேர் அகலத்துக்கு நெருக்கி நின்று துப்பாக்கிமுனை ஈட்டியோடு ஓடினார்கள். ஃபோந்தெனுவாவில் ஆங்கிலேயர் செய்ததை இவர் இங்கே செய்து பார்த்தார் என்று எனக்குத் தோன்றும். கூட்டின் படை ஐம்பது கஜம் வரை வரவிட்டுச் சுட்டது. முன்வரிசை விழுந்தும் மிச்சப் பேர் உள்ளே புகுந்தார்கள், கைகலந்து கடைசியில் சிதறினார்கள். அதே நேரம் பிரெஞ்சுக்காரரின் ஏரிக்கரை அரணில் இருந்த வெடிமருந்து வண்டிமேல் ஒரு குண்டு விழுந்தது. ஒரே வெடிப்பில் எண்பது பேர் செத்தும் கருகியும் விழுந்தார்கள். அந்த அரணின் தலைவரும் அதிலேயே போனார். உடைந்த அரணைத் திரும்பப் பிடிக்க ஓடிய புஸ்ஸியின் குதிரை சுடப்பட்டு அவர் கைதியானார்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? லல்லி ஐரிஷ் ரத்தம், கூட் அயர்லாந்திலேயே பிறந்தவர். அவர்கள் நாட்டுப் பங்காளிச் சண்டை எங்கள் ஊர் ஏரிக்கரையில் முடிந்தது.

புது_மாணவன்

வந்தவாசி அண்ணா, கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு புதுச்சேரி ஒரு வருடம் எப்படித் தாக்குப்பிடித்தது?

முத்தியால்பேட்டை

பட்டினியோடு, தம்பி. ஆர்க்காடு, காரைக்கால், வில்லியனூர் என்று ஒவ்வொன்றாகப் போயின. ஐதர் அலியிடம் உதவி கேட்டார், கொஞ்சம் படையும் வந்தது, தானியத்தோடு கொஞ்ச நாள் நின்றுவிட்டுப் போய்விட்டது. பிரெஞ்சுக் கப்பல் வரவே இல்லை. தாஷே 1759 செப்டம்பரில் போனவர் போனவர்தான்.

ஊருக்குள் யானை, ஒட்டகம், குதிரை எல்லாவற்றையும் தின்றார்கள். ஒரு நாய் இருபத்து நான்கு ரூபாய்க்கு விற்றது. 1760 நவம்பர் 27 அன்று லல்லி ஊரில் மிச்சமிருந்த தமிழ் மக்கள் சுமார் 1,400 பேரை, குழந்தை குட்டிகளோடு, கோட்டைக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். வெளியே ஆங்கிலேயர் காவல். அவர்களும் விடவில்லை, திரும்பிப் போ என்று சுட்டார்கள். திரும்பினால் பிரெஞ்சுக்காரர் சுட்டார்கள். எட்டு நாள். நடுவில் இருந்த வெற்று நிலத்தில் புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றுகொண்டு எட்டு நாள் கிடந்தார்கள். அதற்கப்புறம்தான் கூட் போகவிட்டார். போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனார்களாம், முன்னால் எங்கும் சோறு இல்லை என்று தெரிந்தும்.

என் பாட்டி வழிக் குடும்பம் பல தலைமுறையாகப் புதுச்சேரி. அந்த 1,400 பேரில் எங்கள் ஆட்கள் இருந்திருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். வேறு எங்கே இருந்திருப்பார்கள்?

புத்தாண்டு இரவு வந்த புயலில் ஆங்கிலக் கப்பல்கள் சில மூழ்கின. ஒரே ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்திருந்தால் ஊருக்கு அரிசி வந்திருக்கும். வரவில்லை. 1761 ஜனவரி 16 அன்று ஆங்கிலேயர் உள்ளே வந்தார்கள். துய்ப்ளெக்சின் துபாஷி ஆனந்தரங்கப்பிள்ளை கண் மூடியதும் அதே ஜனவரியில்தான். இருபத்தைந்து வருடம் புதுச்சேரியைத் தமிழில் எழுதி வைத்தவர், ஊர் போகும்போது கூடவே போனார்.

லல்லி நோயோடு பல்லக்கில் வெளியேறியபோது அவருடைய அதிகாரிகளே வாசலில் கூடி நின்று திட்டினார்கள். கும்பினி ஊழல் பற்றிய காகிதங்களை வைத்திருந்த துபுவா என்ற வயதான அதிகாரி, கண் சரியாகத் தெரியாதவர், பின்னால் வந்தார். அவரை வழிமறித்துக் கத்திச் சண்டைக்கு இழுத்து அங்கேயே கொன்றார்கள். காகிதங்கள் காணாமல் போயின.

பீரங்கிப்பித்தன்

அந்தக் காகிதங்கள்தான் அவர் உயிரைக் காப்பாற்றியிருக்கும். கைதியாக லண்டன் போனவர், பாரிசில் தன்மேல் துரோகப் பழி சுமத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அனுமதி வாங்கித் தானாகவே பிரான்சுக்குப் போனார். "என் தலையையும் என் குற்றமின்மையையும் கொண்டுவந்திருக்கிறேன்" என்று அமைச்சர் ஷுவாசேலுக்கு எழுதினார். ஓடி ஒளிய வழி இருந்தும் போனார். 1762 நவம்பரில் பாஸ்டில் சிறை.

பாதிரியார் லாவோர் பாரிசில் இறந்தபோது அவருடைய பெட்டியில் இரண்டு அறிக்கை கிடைத்தன. ஒன்று லல்லியைப் புகழ்ந்து, இன்னொன்று அவரைக் குற்றம்சாட்டி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதைக் காட்டலாம் என்று இரண்டும் எழுதி வைத்திருக்கிறார். நீதிமன்றத்துக்குப் போனது இரண்டாவது மட்டும்.

1766 மே 6 அன்று தீர்ப்பு: மன்னர், அரசு, கும்பினி ஆகியோரின் நலன்களுக்குத் துரோகம். மே 9 அன்று வாயை அடைத்து வண்டியில் ஏற்றினார்கள், வழியில் பேசிவிடக் கூடாது என்று. தண்டனையை நிறைவேற்றியவரின் முதல் வெட்டு சரியாக விழவில்லை.

இத்தனைக்கும் வந்தவாசியில் அவரைத் தோற்கடித்த கூட் எழுதியிருக்கிறார், சம்பளமும் உதவியும் இல்லாமல் இவ்வளவு நாள் அந்தப் படையைக் கட்டிக்காத்தது வேறு யாராலும் முடியாது என்ற பொருளில். கெடிலக்கரை ஐயா, துரோகி என்ற சொல் அவருக்குப் பொருந்துமா?

கெடிலக்கரை

பொருந்தாது தம்பி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கப்பலைக் கொண்டுவராத தாஷேயை யாரும் தூக்கவில்லை. கஜானாவைச் சுரண்டியவர்கள் சாட்சிக்கூண்டில் ஏறி நின்றார்கள். வங்காளமும் கனடாவும் இந்தியாவும் போன வலிக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, அந்நிய ரத்தமும் கெட்ட வாயும் உள்ள இவர் கிடைத்தார். சென்னையைப் பிடித்துக் கொடுத்த லபூர்தொனேயை 1748இல் பாஸ்டிலில் போட்டார்கள், துய்ப்ளெக்ஸ் 1763இல் கடனாளியாகச் செத்தார். வரிசையில் மூன்றாவது இவர், தலையே போனது.

ஆனால் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் படியுங்கள். மன்னர், அரசு, கும்பினி. கீழ்வேளூர் குருக்கள் ஆறு பேர் அதில் எங்கே? நாகூர் எங்கே? மணலில் பீரங்கி இழுத்தவர்கள், புல்வேர் தின்ற 1,400 பேர் எங்கே? பிரெஞ்சுக்காரரை வறுமையாக்கினார் என்பதற்காக இத்தனை வருடம் விசாரித்தார்கள். எங்கள் மக்களைப் பற்றிக் கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. பின்னால் அவருக்காக வாதாடிய நல்லவர்களுக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை என்பதுதான் எனக்கு மனதில் நிற்கிறது.

புது_மாணவன்

வாதாடியவர் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் தானே? மகனும் இருந்தார் என்று படித்தேன்.

முத்தியால்பேட்டை

ஆமாம் தம்பி. மகன் திரோஃபீம் ஜெரார், 1751இல் பிறந்தவர். முறையான திருமணத்தில் பிறக்காததால் தன் அப்பா யார் என்று தெரியாமலே வளர்ந்தார். தண்டனை நாளை ஒட்டித்தான் சொன்னார்கள். பதினைந்து வயதுப் பையன். அன்று முதல் அப்பாவின் பேரை மீட்பதே வேலையாக வைத்துக்கொண்டார். வோல்தேர் 1773இல் இந்தியாவையும் லல்லியையும் பற்றி எழுதினார். 1778 மே மாதம் மன்னரின் மன்றம் தீர்ப்பை ரத்து செய்த செய்தி வந்தபோது வோல்தேர் மரணப் படுக்கையில். சாகக் கிடப்பவன் இந்தச் செய்தி கேட்டு உயிர் பெறுகிறான், நிம்மதியாகச் சாவான் என்று மகனுக்கு எழுதி அனுப்பினார். நான்கு நாளில் இறந்தார். வழக்கு அதன்பிறகும் வேறு நீதிமன்றங்களில் இழுத்தது, களங்கம் முழுசாகத் துடைக்கப்படவே இல்லை.

புதுச்சேரியில் வெள்ளையர் பகுதியில் லல்லி தொலாந்தால் வீதி இருக்கிறது. ஊருக்கு வரும்போதெல்லாம் அதன் வழியாக நடப்பேன். அவர் பெயர் அங்கே இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கோட்டைக்கு வெளியே எட்டு நாள் கிடந்தவர்களுக்கும் ஒரு கல் வைக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

நாகை_மலர்

கெடிலக்கரை அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று மாலை கோயிலுக்குப் போய் வந்தேன். குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த பாட்டியிடம் இதைச் சொன்னேன். கையை நிறுத்திக் கேட்டுவிட்டு, அந்த ஆறு பேரின் பேர் என்னம்மா என்று கேட்டார். எந்தப் புத்தகமும் எழுதவில்லை பாட்டி என்றேன்.

கெடிலக்கரை

பாட்டி கேட்ட கேள்வியைத்தான் நான் கேட்டிருக்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை கீழ்வேளூர் வருகிறேன் தங்கச்சி, காலை பத்து மணிக்குள் வந்துவிடுவேன். அந்தக் குளத்தைக் காட்டுங்கள். வந்தவாசித் தம்பிக்கும் வரத் தோதுப்பட்டால் சேர்ந்தே போகலாம்.